மூன்று பாஷைகளும் ஒரு சின்ன நாக்கும்

பாப்பாரப்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். அப்பா தெலுங்கு பேசுகிறவர். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், கன்னடம். தெரு முழுக்கத் தமிழ். எந்தப் பாஷை குழந்தையின் நாக்கைக் கட்டியது என்று அந்த வீட்டில் தினமும் வழக்கு. நான் உள்ளே நுழைந்தால், எனக்கும் புரியட்டும் என்று சண்டை தமிழுக்கு மாறும்.

"உன் கன்னடந்தான் அவ நாக்குல சிக்கிக்கிச்சு."

"ஏன், உங்க தெலுங்கு மட்டும் வெண்ணெயாட்டம் வழுக்குதாக்கும்?"

ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அமாவாசையன்று சூடு போடுகிறவரை வரவழைத்து, மஞ்சள் கொம்பைத் தீயில் காட்டி, நாக்கு நுனியில் ஒரு இழுப்பு இழுத்தால் திக்கல் ஓடிவிடுமாம்.

நான் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, யாருக்கு என்ன யோசனை சொல்லலாம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். அந்தச் சின்ன நாக்கை நினைத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் போனேன்.

"மொதல்ல சோதிச்சுப் பாத்துரலாம் அண்ணே. எந்தப் பாஷை குத்தவாளின்னு தெரிஞ்சுபோவும்ல?"

வழக்கில் ஜெயிக்கிற ஆசையில் இருவரும் உடனே தலையாட்டினார்கள்.

ஒரே கதையை அப்பாவிடம் தெலுங்கிலும் அம்மாவிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் சொல்லச் சொன்னேன். மூன்றிலும் ஒரே மாதிரி திக்கினாள். இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. ஆனால் கொல்லையில் பூனைக்குட்டியை மூன்று பாஷையும் கலந்து கடகடவென்று திட்டிக்கொண்டிருந்தாளே! பூனை குறுக்கே பேசுவதில்லை. வீட்டிலோ அவள் "எ... எ..." என்றதும் அப்பா "எள்ளுருண்டையா?" என்பார்; அம்மா "எண்ணெயா?" என்பாள். எதைக் கேட்க வந்தாளோ, கெட்டிக்காரி எள்ளுருண்டைக்கே தலையாட்டிவிடுவாள்.

சட்டம் போட்டேன்: அவள் பேச்சை யார் முடித்துவைத்தாலும் பொதுக்கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சுமக்க வேண்டும். முதல் நாளே அப்பா தொட்டியை நிரப்பிவிட்டார்.

"என்ன மாமா, வூட்ல பொம்பளைங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று கிணற்றடியே சிரித்தது.

அதன்பிறகு அந்தக் குட்டி வேண்டுமென்றே முதல் எழுத்தை இழுத்து, அப்பாவை ஓரக்கண்ணால் பார்க்கும். மனிதர் மீசையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அமாவாசை வந்தது. சூடு போடுகிறவரும் வந்து தணலை ஊதினார். அந்த நேரம் பார்த்து அவள் சந்தையில் ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கதையை ஆரம்பித்தாள். திக்கல் போகவில்லை. நின்றாள், இழுத்தாள், மறுபடி கிளம்பினாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் கொம்பு சிவந்து, பிறகு கருகத் தொடங்கியது.

"நேரம் போவுதுங்க" என்றார் வந்தவர்.

"சித்த இருங்க. புள்ள இன்னும் முடிக்கல" என்றாள் அம்மா.

ஆடு அப்போதுதான் வளையல்கடையை நெருங்கியிருந்தது. அப்பா எழுந்து தணலில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பி வந்து மகள் எதிரே உட்கார்ந்தார்.

"ம், அப்பறம்?"