பாசேஜில் கழற்றாமல் விட்ட மூடி

பதினெட்டு வருடமாக ஃபயர் அலாரம் சர்வீஸில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வயரிங்கை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் என் தப்பைச் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு இரண்டாவது மாடி ஃப்ளாட். கல்யாணி மேடம் பள்ளிக்கூட டீச்சர். கணவர் சீனிவாசன் சாருக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. காலை எட்டரையிலிருந்து ஒன்றரை வரை தனியாகப் படுத்திருப்பார். "அந்த அஞ்சு மணி நேரத்துக்குத்தான் எனக்கு இது வேணும்" என்று சொல்லித்தான் மேடம் எங்களைக் கூப்பிட்டார்.

ஹாலில் ஒரு ஸ்மோக் டிடெக்டர், பெட்ரூம் வாசலில் பாசேஜில் ஒன்று. சாருக்கு நெபுலைசர் வைப்பார்கள். அந்த ஆவிக்கே அலாரம் கத்திவிடும் என்பதால் ரூமுக்குள் வைக்கவில்லை. புகை வந்தால் கீழே வாட்ச்மேன் அறையில் ஹூட்டர் அடிக்கும்.

மூன்றாவது மாதம் மேடம் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை ஆத்துல ஆயுஷ்ய ஹோமம். வாத்தியார் மந்திரம் சொல்லிண்டு இருக்கறச்சே இது கத்தினா நன்னாவா இருக்கும்?"

முறைப்படி, டிடெக்டர்களைக் கட்டுப்படுத்தும் அலாரம் பேனலில் அவற்றை டிஸேபிள் செய்ய வேண்டும். அப்போது மஞ்சள் விளக்கு எரிந்து நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். நான் புத்திசாலி அல்லவா, பாஸ்வேர்டு போட்டு மெனுவுக்குள் போகச் சோம்பல்பட்டு, டிடெக்டரோடு வரும் சிவப்பு பிளாஸ்டிக் மூடியை இரண்டிலும் மாட்டினேன். மூடி இருந்தால் புகை உள்ளே போகாது. பேனலுக்கு அது தெரியாது. 'நார்மல்' என்று பச்சை விளக்கைக் காட்டும்.

ஹோமம் முடிந்ததும் ஏணியை எடுத்தேன். ஹால் மூடியைக் கழற்றினேன். பாசேஜில் அதற்குள் பந்தி உட்கார்ந்துவிட்டது.

"சாப்பிடறவா தலைக்கு மேல ஏணி வேண்டாமே. நீங்களும் உக்காருங்கோ, அப்புறம் கழட்டிக்கலாம்" என்றார் மேடம்.

உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். கையைக் கழுவிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அடையாறில் ஒரு ஆபீஸில் வேலை. டெஸ்டர் எடுக்கப் பையைத் துழாவினேன். சிவப்பு மூடி ஒன்றுதான் கையில் தட்டுப்பட்டது. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒன்றுதான்.

மேடம் போனை எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார். வாட்ச்மேனைப் பிடித்தேன்.

"மேல இன்னா சார்? ஒண்ணும் அடிக்கலியே. எல்லாம் நல்லாத்தான் கீது."

"அது அடிக்காதுப்பா, அதான் பிரச்சினை. கதவத் தொறந்து பாரு."

"சாவி கீழ் வூட்டு மாமாகைல கீது. அவரு கோயிலுக்குப் பூட்டாரு."

"ஓடிப்போய்க் கூட்டிட்டு வா."

பைக்கை எடுத்தேன். அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஒரே ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் போன நேரம் கீழ் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மாடியேறிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததுமே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பாசேஜ் முழுக்கப் புகை. நடுக்கதவு சாத்தியிருந்ததால் ஹால் டிடெக்டருக்கு அது இன்னும் எட்டவில்லை. ஹோம குண்டத்துச் சாம்பல் ஆறிவிட்டது என்று நினைத்து, மேடம் காலையில் அதைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளி, பாசேஜில் இருந்த பழைய பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடியில் கங்கு இருந்திருக்கிறது. பக்கெட் உருகிப் பேப்பர் கட்டு கனன்றுகொண்டிருந்தது. மேலே என் மூடி பத்திரமாக இருந்தது.

வாட்ச்மேன் தண்ணீர் ஊற்ற, நான் பெட்ரூம் கதவைத் திறந்தேன். கதவிடுக்கில் புகை வருவதைப் பார்த்தபடியே சீனிவாசன் சார் கிடந்தார். இடது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. இருமல். கண்ணில் நீர். அந்த விரல்களைக் கம்பியிலிருந்து பிரிக்கச் சிரமமாக இருந்தது. இரண்டு பேராகத் தூக்கி ஹால் சோபாவில் படுக்க வைத்தோம். கீழ் வீட்டுக்காரர் தெரு முனை டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சாம்பலை வச்சது அவங்க தப்புய்யா. மூடியக் கழட்டிட்டுக் கீழ எறங்கு. வாயத் தொறக்காத" என்றார்.

மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போய் மேடம் ஓடி வந்தார். கணவரின் நெஞ்சைத் தடவிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "நல்ல வேளை, அலாரம் அடிச்சுது."

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், ஒன்றும் அடிக்கவில்லை என்று.

"அடிக்கல மேடம். நேத்து இதக் கழட்டாமப் போயிட்டேன்" என்று மூடியைக் காட்டினேன். அவமானத்தில் தலை நிமிரவில்லை.

திட்டியிருந்தால் தேவலை. அவர் மூடியையும் கருகிய பக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகலாமா? அத மட்டும் சொல்லுங்கோ."

ஏணியைப் போட்டு, புகை போலப் பீய்ச்சும் டெஸ்ட் ஸ்ப்ரே அடித்து, இரண்டு டிடெக்டரும் கீழே ஹூட்டரை அலற வைப்பதை அவர் காதால் கேட்க வைத்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அதன் பிறகுதான் "போகலாம் மேடம்" என்றேன்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் பச்சை விளக்கைப் பார்த்து நான் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த வீட்டில் தனியாக விடப்படுகிறவர் யார் என்று கேட்கிறேன். அவரை விட்டுவிட்டு வெளியே போகலாம் என்று, போகிறவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்தால் மட்டும்தான் போடுகிறேன்.