எங்க ஊர்க்காரி சரஸ்வதி

எழுபத்தைந்தாம் வருஷமோ எழுபத்தாறோ இருக்கும். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து அது எனக்கு மூன்றாவது நவராத்திரி. கரமனையில் ஆற்றுக்குப் போகிற வழியில், ஒரு வீட்டின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு பார்க்கிற வேலை.

நான் தக்கலைப் பக்கத்துக்காரி. எங்களுக்கெல்லாம் மலையாளம் தானாகவே வாயில் வரும். பேசுவேன், பேரம் பேசுவேன், வேண்டுமென்றால் சண்டையும் போடுவேன். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போவதற்குள் எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, படித்ததெல்லாம் தமிழில்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். அந்தப் பெருமையெல்லாம் எல்லையில் இருக்கிற களியக்காவிளையோடு சரி. இங்கே பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும்.

அந்த வருஷம் ரேஷன் கடையில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு கடைக்காரர், "அட்சரம் அறிஞ்ஞூடா, அல்லே?" என்று கேட்டபடி கைநாட்டு மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். எழுத்து தெரியாது இல்லையா என்று அர்த்தம். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, பாவம், இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. பேனாவைப் பிடுங்கித் தமிழில் முழுப் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நவராத்திரி தொடங்கும் முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் வருவாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் வருவார்கள். ராஜா காலத்து வழக்கம். கரமனை ரோட்டில் வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்து நிற்பார்கள். பத்மநாபபுரம் என் பிறந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். யானை தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்க்காரி வாறா பாருங்க" என்றேன்.

அந்தச் சேச்சி நல்லவள்தான், ஆனால் நாக்கில் கொஞ்சம் மிளகாய் உண்டு. "எங்கில் ஊர்க்காரியோட சோதிச்சு ரெண்டு அட்சரம் படிச்சூடே?" என்றாள். அப்படியானால் உன் ஊர்க்காரியிடம் கேட்டு இரண்டு எழுத்து படிக்கக் கூடாதா என்கிறாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அதே சேச்சி, எங்கள் தெருப் பெண்கள் சமாஜத்திலிருந்து வந்த நோட்டீஸை எனக்குப் படித்துக் காட்டினாள். சனிக்கிழமை மத்தியானம் உபன்யாச மத்ஸரம். விஷயம், சரஸ்வதி தேவி. ஒரு மணி நேரம். மத்ஸரம் என்றால் போட்டி என்று எனக்குத் தெரியும். உபன்யாசத்தைப் பற்றி யார் எனக்குச் சொல்ல வேண்டும்? அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கோயில் கோயிலாக உபன்யாசம் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்தி ஜனங்களைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மூன்று நாளும் அடுக்களையில் புட்டுக்குடத்துக்கு உபன்யாசம் செய்தேன். உபன்யாசத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன். அட்சரம் தெரியாதவள் என்று சிரித்த அத்தனை பேர் முன்னாலும் மலையாளத்தில் ஒரு மணி நேரம் பொளந்து கட்டப் போகிறேன், அதற்கப்புறம் யார் என்னை அப்படிச் சொல்கிறார்கள் பார்ப்போம் என்பதுதான் என் எண்ணம். என் கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு சமாஜத்துக்குள் நுழைந்தேன். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. வரிசையாக பெஞ்சுகள். பதினைந்து இருபது பெண்கள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். போட்டியை நடத்திய டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலையாளம் டீச்சர், என் கையில் நாலு வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

"இது எந்தினு?" என்று கேட்டேன், இது எதற்கு என்று.

"உபன்யாசம் எழுதான்," என்றார் அவர். எழுதுவதற்காம்.

அப்போதுதான் தெரிந்தது. நமக்கு உபன்யாசம் என்றால் பேசுவது. அவர்களுக்கு உபன்யாசம் என்றால் கட்டுரை. நான் வந்திருப்பது கட்டுரைப் போட்டிக்கு! வாசலில் நின்றிருந்த என் கணவர் மெல்ல என் பக்கத்தில் வந்தார். "ஏட்டி, பேசாம வீட்டுக்குப் போயிருவோம், கேட்டியா. தலைவலின்னு சொல்லிருவோம்," என்றார். போயிருந்தால் மானம் தப்பியிருக்காது. சேச்சி முன் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுகிற போட்டி என்று நினைத்து வந்திருக்கிறேன் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் டீச்சரிடம் போய், எனக்கு மலையாளம் எழுத வராது, தமிழில் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் தமிழ் எனக்குத் தெரியாதே, மார்க் போட முடியாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் சரஸ்வதி படம். கையில் வீணை, இன்னொரு கையில் ஏடு. அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். திடீரென்று பேனாவைத் திறந்தேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்த அதே மலையாளப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். மலையாளத்துக்கு நாலு 'க' உண்டு, நமக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்தே நாலுக்கும் வேலை வாங்கினேன். மணி அடிக்கும்போது நாலு தாளும் நிறைந்திருந்தது.

என் தாளைப் பார்த்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது எந்தரு பாஷ?" என்றார்.

"பாஷை உங்களுடையது டீச்சர், எழுத்து எங்களுடையது," என்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். அப்படியென்றால் எழுதிய நீயே வாசி, கேட்டு மார்க் போடுகிறேன் என்றார். உடனே சேச்சி எழுந்தாள். எழுதாததையும் சேர்த்து வாசித்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். என் கணவர் முன்னால் வர, வீட்டுக்காரர் சாட்சி செல்லாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமே என்று தேடியபோது, எல்லோருக்கும் சாயா போட வந்திருந்த டீ மாஸ்டர் கையைத் தூக்கினார். திருநெல்வேலிக்காரர். ஐம்பது வயது இருக்கும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் வாசிக்க வாசிக்க அவர் தாளில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும், ஒரு வார்த்தை கூடினாலும் நிறுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் இரண்டு வரியை அவசரமாக வாசித்தேன். பிறகு அப்பா கூட்டிப்போன கோயில்களெல்லாம் ஞாபகம் வந்தன. குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். கட்டுரை கட்டுரையாக இல்லை. எங்கள் ஊர் உபன்யாசமாகவே ஆகிவிட்டது! கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: வித்தைக்குத் தெய்வம் வருஷா வருஷம் எல்லை தாண்டி யானை மேல் வருகிறாள். களியக்காவிளையில் போலீஸ்காரர்கள் அவளுக்கு மரியாதை செய்கிறார்கள், உனக்கு எந்த அட்சரம் தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவள் கையில் ஏடு இருக்கிறது. அது எந்த எழுத்தில் எழுதிய ஏடு என்றும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தேன். டீச்சர் டீ மாஸ்டரைப் பார்த்தார். "எல்லாம் சரியாணு டீச்சரே. ஒரு புள்ளிகூட மாறியிட்டில்லா," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "எம்மா, எழுத்துக்கு எழுத்து வாசிச்சிட்டியளே. எனக்குல்லா நெஞ்சு அடிச்சிக்கிட்டு," என்றார். டீச்சர் அந்தக் கடைசி நாலு வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முதலில் கை தட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. சேச்சிதான் என்று என் கணவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

முதல் பரிசு எனக்கு! ஒரு சின்ன வெண்கல நிலவிளக்கு, நம் குத்துவிளக்குதான். ஆனால் டீச்சர் அதை அன்றைக்குக் கையில் தரவில்லை. விஜயதசமி அன்று காலையில் குளித்துவிட்டு வா, தருகிறேன் என்றார். போனேன். சமாஜத்தில் எழுத்தறிவிக்கும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாலு வயதுக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தன. டீச்சர் என்னை அந்த வரிசையில் உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பெண் பிள்ளை, பட்டுப்புடவையோடு சம்மணமிட்டு உட்கார்ந்தேன். என் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் 'ஹரிஸ்ரீ' என்று மலையாளத்தில் எழுதவைத்தார். நான் விரலை விடுவித்துக்கொண்டு அதற்குக் கீழே தமிழிலும் எழுதினேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு விளக்கை என் மடியில் வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பக்கத்துக் குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது.

அடுத்த நவராத்திரிக்குள் பஸ் போர்டு மட்டுமல்ல, பேப்பரையே படிக்க ஆரம்பித்துவிட்டேன். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுச் சேச்சி. பிற்பாடு ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலைக்கும் போனேன். அங்கே என் மேஜையிலும் ஒரு கைநாட்டு மைப்பெட்டி இருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு யாராவது எதிரில் நின்றால், அதைத் தொடுவதற்கு முன்னால் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க எந்த எழுத்துல எழுதுவீங்க?" அப்போது அந்த முகங்கள் நிமிர்கிற ஒவ்வொரு தடவையும், கரமனை ரோட்டில் எங்க ஊர்க்காரி யானை மேல் வருவதை மறுபடி பார்த்ததுபோல எனக்கு இருக்கும்.