தண்ணீர் கொடுக்காதே என்றார்கள்

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றோட்டமும் சத்தி என்று நாங்கள் சொல்லும் வாந்தியும் ஒன்றாக வந்தன. அது ஏன் வந்தது என்று அந்த நாட்களில் ஊரே எனக்குக் காரணம் சொன்னது. ஆளுக்கொரு காரணம். ஆனால் எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். நான் நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. லீவு கிடைத்தால் வந்து போவார். வீட்டில் எனக்குத் துணை அவருடைய தமக்கை. எனக்கு மச்சாள். இளவயதிலேயே கணவனை இழந்தவர், அதிகம் பேசாதவர். நான் பள்ளிக்கூடம் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பனங்காணியும் இரண்டு கல்வேலியும் மட்டும் இருந்தன. பிள்ளை பலமாக அழுதால் காற்றுவாக்கில் என் வகுப்புக்குக் கேட்கும். பேறுகால லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையே தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"சேர், இடைவேளைக்கு ஒருக்கா வீட்டை ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வரட்டோ? மணி அடிக்க முந்தி வந்திடுவன்."

அவர் மேசையில் இருந்த சோக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உமக்கு விட்டால் நாளைக்கு மற்றவையும் கேப்பினம். பள்ளிக்கூடத்தை அப்பிடி நடத்த ஏலாது, டீச்சர். இப்ப நல்ல நல்ல பால்மா எல்லாம் இருக்கே."

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பால் கட்டி நெஞ்சு வலிக்கும். சட்டை நனையும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். அந்த வழியால் போன தலைமை ஆசிரியர் ஒருநாள் அதைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இரண்டு கல்வேலிக்கு அப்பால் என் பிள்ளை பசியோடு கிடக்க, அவளுக்குரிய பால் என் சட்டையில் ஊறிக் காய்ந்தது. இதை ஒழுங்கு என்று சொன்ன மனிதரை நான் எப்படி மன்னிப்பது?

இப்படித்தான் என் வீட்டுக்குள் போத்தல் வந்தது. பால்மா முதலிலேயே வந்திருந்தது. தலைப்பிள்ளை என்பதால் கடல் தாண்டிக் கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் பெற்றேன். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கட்டில் கட்டிலாக வந்து ஒவ்வொரு தாய்க்கும் ஒரு சின்ன டின் கொடுத்தாள். எப்படிக் கரைப்பது என்று சிரித்த முகத்தோடு காட்டினாள். ஆஸ்பத்திரித் தாதி, மிஸி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவள் பால்மாக் கொம்பனி அனுப்பிய ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நெடுந்தீவுக் கிணறுகளில் பெரும்பாலும் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து குடத்தில் கொண்டுவர வேண்டும். போத்தலை ஒவ்வொரு முறையும் அவித்தெடுக்க அந்தத் தண்ணீரும் காணாது, விறகும் காணாது. போத்தல் வாயில் போடும் சூப்பி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் ரப்பர் வெடித்து, வெடிப்புக்குள் பால் தயிர்போலப் பிடித்திருக்கும். மாற்றிப்போட வேறொன்று கடையில் இல்லை. பால்மாவுக்கும் தட்டுப்பாடு. அதனால் பிள்ளை குடித்து மிஞ்சிய பாலை மச்சாள் வெளியே ஊற்றமாட்டார். அடுத்த முறைக்கு மூடி வைப்பார். அந்த வெயிலில் அது என்னவாகும் என்று இன்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று அதை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியப் பிள்ளை பாலைக் கக்கினாள். பிறகு தண்ணீர்போலப் போகத் தொடங்கியது. பச்சை நிறம், புளித்த மணம். துணி மாற்றி முடிக்க முதல் அடுத்தது. மத்தியானத்துக்குள் எது கொடுத்தாலும் சத்தி.

அயலில் உள்ளவர்கள் வந்தார்கள். "பல்லு முளைக்கிற வயது. அதுக்குத்தான் வயித்தாலை போகுது" என்றார் ஒருவர். "நல்ல கொழுகொழுப்பான பிள்ளை, நாவூறு பட்டிருக்கும். தாய்க்காரி தூக்கிக்கொண்டு கோயிலடியெல்லாம் திரிஞ்சால் படாமல் என்ன செய்யும்?" என்றார் இன்னொருவர். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மூன்றாவது ஆள் என்னையே நேராகப் பார்த்துக் கேட்டார். "வெயிலுக்குள்ளாலை வந்த கையோட பால் குடுத்தனீரோ? சூட்டுப்பால் தான் இதுக்குக் காரணம். றால் கீல் திண்டனீரோ?"

குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல் நின்றது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான். பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலும் கூடாது, தண்ணீரும் கூடாது. மச்சாள் அதில் உறுதியாக நின்றார்.

"தண்ணி குடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். வயிறு காயவேணும்."

"தொண்டை காய்ஞ்சு போச்சு, மச்சாள். ஒரு சொட்டு நனைச்சு விடட்டோ?"

"வேண்டாம். நான் கண்டனான். சொல்றதைக் கேளும்."

மறுநாள் காலையில் பிள்ளை அழுதாள், கண்ணீர் வரவில்லை. அழுகையிலும் சத்தம் இல்லை, ஒரு முனகல்தான். உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. கண்கள் குழிக்குள் போய்விட்டன. நாக்கு உலர்ந்திருந்தது. போட்ட துணி மூத்திரத்தில் நனையவே இல்லை. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அந்த மடிப்பு அப்படியே நின்றது. இவை எல்லாம் என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பிள்ளை என்னை விட்டுப் போகிறாள் என்பது தெரிந்தது. துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தேன். மச்சாள் ஒரு பையோடு பின்னால் வந்தார்.

துறையில் லாஞ்ச் நின்றது. ஆனால் புறப்படவில்லை. கொழும்பிலிருந்து யாரோ பெரிய உத்தியோகத்தர்கள் குடும்பத்தோடு, தீவு வெளியில் தன்பாட்டில் மேய்ந்து திரியும் குதிரைகளைப் பார்க்க வந்திருந்தார்களாம். அவர்கள் திரும்பி வரும்வரை லாஞ்ச் நிற்க வேண்டுமாம்.

"பெரியாக்கள் வரட்டும், தங்கச்சி. என்னை மறிச்சு வைச்சிருக்கினம், நான் என்ன செய்ய?" என்றார் லாஞ்ச் ஓட்டுபவர்.

நான் துவாயை விலக்கிப் பிள்ளையின் முகத்தை அவருக்குக் காட்டினேன். "அண்ணை, குதிரையள் நாளைக்கும் நிக்கும். இது நிக்காது."

அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு வெறும் வெளியாகக் கிடந்த தெருவைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார். அந்த உத்தியோகத்தர்கள் வெயிலில் காத்து நின்றிருப்பார்கள். அதற்காக அவருக்கு என்ன பேச்சு விழுந்ததோ தெரியாது. அந்த இரண்டு நாட்களில் எனக்கு நல்லது செய்த முதல் மனிதர் அவர்தான்.

கடல் கொஞ்சம் அடித்தது. அலைத்துமி பிள்ளையின் உதட்டில் தெறித்தபோது அவள் நாக்கை நீட்டி நக்கினாள். பையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. மச்சாளைப் பார்த்தேன். அவர் பையை மடிக்குள் இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கரையில் இறங்கி, பஸ் பிடித்து, நான் பிள்ளை பெற்ற அதே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டொக்டரின் அறைக்குள் நாங்கள் நுழைய, வரிசையில் நின்றவர்களும் வாசலில் நெருங்கிக்கொண்டு நின்றார்கள். அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். உடனே வார்ட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

"எந்த இடம்?"

"நெடுந்தீவு."

"அதுதானே பார்த்தன். தீவாருக்கு எத்தினை தரம் சொன்னாலும் விளங்காது. ஊத்தைக் கையோட ஊத்தைப் போத்தல்ல பால் குடுக்கிறது, பிறகு இஞ்ச கொண்டுவந்து கிடத்துறது. என்ன வேலை செய்யிறனீர்?"

"படிப்பிக்கிறனான்."

"படிச்சும் என்ன பிரயோசனம்? ஆர் உமக்குப் போத்தல்பால் குடுக்கச் சொன்னது?"

எனக்கு அதுவரை அழுகை வரவில்லை. அப்போதும் வரவில்லை. அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. கொழுத்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று ஒரு பால்மா டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் அதைக் கையால் காட்டினேன்.

"நீங்கள்தான், டொக்டர். இஞ்ச வைச்சுத்தான் எனக்கு முதல் டின் தந்தவை. இந்தச் சுவரிலயும் அதுதான் தொங்குது."

அவர் தலையைத் திருப்பி அந்தக் கலண்டரை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போலப் பார்த்தார். "அது வேற விஷயம்" என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வார்ட்டில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். அங்கே இருந்த மிஸி நடுத்தர வயதுப் பெண். அன்று அவரும் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. பிள்ளை கொஞ்சம் தெளிந்து கண் திறந்ததும் ஒரு கோப்பையும் தேக்கரண்டியும் கொண்டுவந்தார். அவித்து ஆறிய தண்ணீரில் சீனியும் துளி உப்பும் அளந்து கலந்திருந்தார்.

"கரண்டி கரண்டியாப் பருக்குங்கோ. அவசரப்படாதேங்கோ. சத்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் குடுங்கோ. உங்கட பாலும் குடுங்கோ, மறிக்க வேண்டாம்."

"தண்ணி குடுக்கலாமோ, மிஸி? இன்னும் போகாதோ?" என்று கேட்டேன்.

"போறது போகத்தான் செய்யும். போற தண்ணிக்குப் பதில் தண்ணி உள்ள போகவேணும். இந்த நோய் பிள்ளையளைக் கொல்லுறது தண்ணி வத்திப் போய்த்தான். உச்சி விழுந்தது, கண்ணீர் இல்லாமல் போனது, எல்லாம் அதுதான். பிள்ளை தண்ணிக்குத் தவிச்சிருக்குது."

நான் முதல் கரண்டியைப் பருக்கினேன். பிள்ளை கரண்டியைக் கடித்துப் பிடித்தாள். விடவே இல்லை. நான் அடுத்த கரண்டி எடுக்கும்போது, கட்டில் காலடியில் நின்ற மச்சாள் மெல்லச் சொன்னார்.

"என்ரை பெடியனும் தண்ணி தண்ணி எண்டுதான் கேட்டவன்."

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. என் கணவரும் சொன்னதில்லை. கதைக்கத் தொடங்கிய வயதாம். இதே வயிற்றோட்டம், இதே சத்தி. பெரியவர்கள் சொன்னபடி மச்சாள் தண்ணீர்க் குடத்தை அறைக்குள் வைத்துப் பூட்டினாராம். அவன் கதவடியில் போய் இருந்து கேட்டானாம். "நான் குடுக்கேல்லை" என்றார். பிறகு வெளியே விறாந்தைக்குப் போய்விட்டார்.

லாஞ்சில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அது வேறு திசைக்குத் திரும்பியது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. தண்ணீர் கொடு, பாலை மறிக்காதே. இவ்வளவுதானே? இதைத் தெரிந்தவர்கள் கரையில் இருந்தார்கள். எங்கள் கடலைக் கடந்து பால்மா டின் வந்தது, வாக்குக் கேட்பவர்கள் வந்தார்கள், குதிரை பார்ப்பவர்கள் வந்தார்கள். இந்த ஒரு வசனம் வரவில்லை. வராமல் விட்டவர்கள் எங்களைப் பார்த்து ஊத்தை என்றார்கள், படிப்பில்லை என்றார்கள்.

பிள்ளை பிழைத்தாள். அடுத்த நாள் ஊசி போட வந்தபோது வாயைப் பிளந்து அழுதாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மிஸி சிரித்துக்கொண்டே, "இனிப் பயமில்லை" என்றார். நான் அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் போத்தலைக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து உடைத்தார். எனக்குப் பால் குறைந்து போயிருந்தது. பிள்ளையை அடிக்கடி நெஞ்சில் போடப் போடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. நான் இல்லாத நேரத்துக்கு அவித்த தண்ணீரும் அரிசிக்கஞ்சியும் கோப்பையால் பருக்கினோம். அதன்பிறகு எந்த வீட்டில் பிள்ளைக்கு வயிற்றாலை போகிறது என்று கேள்விப்பட்டாலும் மச்சாள் தேக்கரண்டியோடு போய் நின்றார். அதிகம் பேசாத பெண், வாசலில் நின்று சண்டை பிடித்துத் தண்ணீர் பருக்கினார். சிலர் திட்டி அனுப்பினார்கள். மறுநாளும் போனார்.

நான் திரும்பிப் பள்ளிக்கூடம் போன முதல் நாள், இடைவேளை மணி அடித்ததும் பனங்காணிக்குள்ளால் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பால் கொடுத்துவிட்டு மணிக்கு முன்னமே வந்தேன். தலைமை ஆசிரியர் வாசலில் நின்றார்.

"கேட்டுப் போட்டெல்லோ போகவேணும்?"

"கேட்டனான், சேர். நீங்கள் ஏலாது எண்டனீங்கள்."

"மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்."

"எழுதுங்கோ. என்னத்துக்குப் போனனான் எண்டும் சேர்த்து எழுதுங்கோ."

அவர் எழுதினாரோ என்னவோ, ஒருவரும் வந்து என்னிடம் விசாரிக்கவில்லை. மற்ற ஆசிரியைகள் சிலநாள் என்னோடு பேசவே பயந்தார்கள். அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளை பிறந்தது. லீவு முடிந்து அவள் வந்த அன்று, இடைவேளை மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தலைமை ஆசிரியரின் அறை வாசலால்தான் போனாள். ஒருவரையும் கேட்கவில்லை.