கதிரைக்கு விழுந்த அடி

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். போன கிழமை மகளின் கல்யாணப் பேச்சுக்கு, யுத்தம் முடிந்தபின் என் கூடப்பிறந்த காக்கா கட்டிய வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையாகவிருந்த அவருடைய மகன் மேசையருகில் கிடந்த கதிரைக் காலில் இடறி, என் மகளின் கையில் சுடுதேநீரைக் கொட்டிவிட்டான். மதினி கதிரையைப் படாரென்று அடித்தார்.

"இதுதான் என்ட புள்ளய இடறவெச்சது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கதிரையில் விழுந்த அந்த அடியின் சத்தம் எனக்குப் பழையது. சிறுவயதில், கருவாட்டு வாடை வீசும் கண்டக்குழிக் கரையில், காக்கா என்னைத் தோணிமீது தள்ளிவிட்டார். நெற்றி வெடித்தது. உம்மா ஓடிவந்து தோணியை அடித்தார்.

"பயப்படாத மகன், தோணிதான் தங்கச்சிய இடிச்சது."

காக்காவும் தோணியை உதைத்துச் சிரித்தார். என் நெற்றியைப் பார்க்கவே இல்லை.

கதிரையருகில் நின்ற காக்காவின் மகனைக் கவனித்தேன். தன் சட்டையில் கறை பட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். மகளின் கை சிவந்திருந்தது.

"புள்ள நல்லவன்தானே?" என்றார் காக்கா.

"ஓம்," என்றேன்.

மறுநாள், சம்மதமில்லை என்று ஆளனுப்பிச் சொன்னேன்.