இடது தொட்டி

வரைபடக்காரிக்கு நாற்பத்தொரு வயது. தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு அறைத் திரைகளுக்குப் படம் வரைவது அவள் வேலை. பம்பு, வால்வு, குழாய், தொட்டி. எல்லாம் வெக்டர் படங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. திரையில் அந்தப் படத்தைத் தொட்டால் அங்கே நிஜ இயந்திரம் ஓடும், நிற்கும். முன்பு அச்சகத்தில் சோப்பு உறைகளுக்குப் பூ வரைந்தவள். அச்சகத்தை மூடியதும் இதற்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் இஸ்திரி மேசையின் பாதியில் கணினி, மறுபாதியில் துணி. "டிவிப் பெட்டிக்குப் பொம்மை போடுறா எங்க தங்கச்சி" என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இவளும் திருத்தவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தொழிற்சாலைக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. போட்டோ வரும், வரைவாள், அனுப்புவாள். அவ்வளவுதான்.

சோப்புத்தூள் ஆலை ஒன்றுக்கு அவள் வரைந்த திரையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாட்டினார்கள். பிழை ஏதும் இருந்தால் அங்கேயே திருத்திவிட்டு வரட்டும் என்று முதலாளி அவளை அனுப்பினார்.

கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்தது. முன்னால் அகலமான கண்ணாடி. கீழே கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கலக்கும் தொட்டிகள், உள்ளே சுற்றும் இரும்புத் துடுப்புகள். எண் எழுதிய இடத்தில் சோப்புக் கூழ் காய்ந்து மூடியிருந்தது. யாருக்கும் எண் தேவைப்படவும் இல்லை. மாடியிலிருந்து பார்க்கிற கணக்கில் இடது, வலது என்றுதான் அங்கே பேச்சு.

"வாங்கம்மா. படம் தொட்டுச் சாப்பிடலாம் போல இருக்கு," என்றார் ஆபரேட்டர்.

"சோப்புக் கூழு சார். வயித்துக்கு ஆகாது."

அவர் சிரித்துக்கொண்டே மைக்கை இழுத்தார். தொட்டி கழுவும் பெண் கீழே வாளியோடு நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆலையில் எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா.

"தொட்டியக்கா, எதுல இறங்குற?"

"இடதுல. சாப்பாட்டுக்குள்ள வெளிய விடுவியா, இல்ல பாய விரிச்சிடவா?"

"விரி, விரி. வாடகை கேக்க மாட்டேன்."

அவள் ஏறி உள்ளே இறங்கினாள். இரண்டு தொட்டிகளும் அப்போது நின்றுதான் இருந்தன. ஆபரேட்டர் திரையில் இடது தொட்டியைத் தொட்டுப் பூட்டினார். அது சாம்பல் நிறமாயிற்று. அப்படிப் பூட்டினால் அதன் மோட்டார் ஓடாது. வலது தொட்டிக்கு அடுத்த கலவை தயாராக இருந்தது.

வரைபடக்காரி தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கச் சுவரில் ஒரு சிவப்பு ஏணி. அழகுக்காக அதையும் வரைந்திருந்தாள், இடது தொட்டியின் ஓரத்தில். கண்ணாடி வழியாக நிஜ ஏணியைத் தேடினாள். அது வலது தொட்டியின் ஓரத்தில் இருந்தது. இடம் மாற்றிவிட்டார்களோ என்று நினைத்தாள். சுவரோடு திருகி மாட்டிய ஏணி.

போட்டோ எடுத்தவர் மாடிக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்திருக்கிறார்.

ஆபரேட்டரின் விரல் வலது தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

"என்னம்மா இது, விடுங்க."

"அவங்க அதுக்குள்ளதான் இருக்காங்க."

"எதுக்குள்ள? இடதுல இருக்கா. பூட்டியாச்சே."

"என் படத்துல இருக்கற வலதுதான் சார் அங்க இடது."

அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். விரலை இழுத்துக்கொண்டார். மைக்கில் மெல்லச் சொன்னார்: "தொட்டியக்கா, வெளிய வா."

தலையெல்லாம் நுரையோடு அவள் மாடியேறி வந்தாள். "ஏன் கூப்பிட்ட? பாதிதான் ஆச்சு."

சொன்னார்கள். அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இதுல நான் எங்க இருந்தேன்?"

ஆபரேட்டர் காட்டினார்.

"நீ எங்க விரல வைக்கப் போன?"

அவர் விரலை எடுக்கவே இல்லை. அதே இடம்.

வரைபடக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிர்ந்துபோனவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அங்கே மூன்று பேருக்கும் அது தேவைப்பட்டது, கொடுக்க நாலாவது ஆள் இல்லை.

"படம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சா, கண்ணாடிப் பக்கம் பார்க்கவே தோணல," என்றார் ஆபரேட்டர். ஒன்பது வருடமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய பாராட்டு. கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுந்து கணினியைத் திறந்தாள். தொட்டிகளை இடவலமாகத் திருப்பி, திரைக்கு ஏற்றி, இரண்டு தடவை சரிபார்த்தாள். திருப்புவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்த இடம் இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டது.

"சரிபண்ணிட்டேன்க்கா."

"கோவிச்சுக்காதீங்கம்மா, நான் நம்பல," என்றாள் தொட்டியக்கா. "மோட்டாருக்குக் கரண்ட் போற பெட்டி கீழ இருக்கு. அத அணைச்சுப் பூட்டி, சாவி என்கிட்ட இருந்தா இறங்குறேன். திரையில எந்தக் கலர் வேணா காட்டுங்க."

"பூட்டுக்கு ஸ்டோர்ல எழுதிக் கேக்கணுமே," என்றார் ஆபரேட்டர்.

"எழுது."

அவரே போய் வாங்கிவந்தார். பெட்டியைப் பூட்டினார்கள். தொட்டியக்கா சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மிச்ச வேலைக்கு இறங்கினாள்.

வரைபடக்காரி பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி தொட்டிக்குள் இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் பூட்டின் மேல் கையை வைத்தபடி நாற்பது நிமிடம் நின்றாள்.

தொட்டியக்கா விளிம்புக்கு மேல் தலையை நீட்டினாள். "இன்னுமா நிக்கறீங்க? முடிஞ்சுது, போய் உக்காருங்க."

"நீங்க முதல்ல கீழ இறங்குங்கக்கா," என்றாள் வரைபடக்காரி. கையை எடுக்கவில்லை.