திட்டுவதற்கு ஒரு ஆள்

மருந்துக்கடையின் பின்னறையில் பெட்டி பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, அலமாரியில் அடுக்குவது அவளுக்குப் பதினாறு வருடப் பழக்கம். ஒரு புட்டிகூட அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கணினிக்கும் அவளுக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம்.

அண்ணனுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளின் தயவில்தான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறார். யார் யாரோ கூலி வாங்காமல் எழுதித் தந்த மென்பொருள் அது. ஆனால் எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டும், துணைக்கு எந்தெந்த மென்பொருள் வர வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒரே சொடுக்கில் நிறுவும்படி பொதி கட்டித் தர வேண்டும். அதற்கென்று ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது.

ஒருநாள் அந்த மென்பொருளின் விவரப் பக்கத்தைக் கணினி வாசித்தது: “பொறுப்பாளர்: யாருமில்லை.” பொதி கட்டிவந்தவர் விலகிவிட்டார். மாதக் கடைசிக்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் குழு வெளியிடும் தொகுப்பின் அடுத்த பதிப்பில் அது இருக்காது.

“கெட்டுப்போனா திட்டுறதுக்குக்கூட ஆள் இல்லாமப் போச்சு பாரு,” என்று அண்ணன் சிரித்தார். அது சிரிப்பா என்ன? வேலை போய்விடுமே என்ற பயம். அன்றே அவள், தானே அதை எடுத்துக்கொள்வதாகக் குழுவுக்கு எழுதிப் போட்டாள்.

புதியவர் கட்டும் பொதியைப் பழையவர் ஒருவர் பார்த்துத்தான் சேர்ப்பார். அவளுக்கு வாய்த்தவர் ஒரு வரிக்கு மேல் எழுதாத மனிதர். ‘கறார்’ என்று பெயர் வைத்தாள். கறார் ஆறு முறை திருப்பி அனுப்பினார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மல்லுக்கட்டினாள்.

ஏழாம் முறை கறார் கேட்டார்: “வேறெதுவும் நிறுவாத கணினியில் போட்டுப் பார்த்தீர்களா?”

தன் கணினியில்தான் ஜோராகப் பேசுகிறதே, இதற்குமேல் என்ன? “பார்த்தேன்” என்று எழுதிவிட்டாள். பொதி சோதனைத் தொகுப்பில் சேர்ந்தது.

ஞாயிறு காலை, முதல் ஆளாக அண்ணன் அதை நிறுவினார். கணினியை மறுபடி துவக்கினார். அது வாயே திறக்கவில்லை.

“பாப்பா, திரையில ஏதாவது தெரியுதா?”

“எல்லாம் தெரியுது அண்ணா.”

“அப்ப எனக்குத்தான் எதுவும் இல்ல.”

அவர் விரல்கள் விசைப்பலகையின் மேல் சும்மா கிடந்தன. அவள் தன் மடிக்கணினியைத் திறந்து பட்டியலை வரி வரியாகப் பார்த்தாள்.

மென்பொருளின் புதிய பதிப்புக்குக் குரல் தருவதற்கென்று தனியாக ஒரு துணை மென்பொருள் வேண்டும். பழகும்போது அவளே அதைத் தன் கணினியில் நிறுவியிருந்தாள், பிறகு மறந்தும் போனாள். பட்டியலில் அதன் பெயரே இல்லை. புட்டி புட்டியாகச் சரிபார்க்கிறவள் கோட்டை விட்டது இதில்தான்.

மாதம் முடிய இரண்டு நாள். “நான் பார்க்கவில்லை. பொய் சொல்லிவிட்டேன். என் அண்ணனின் கணினி பேசவில்லை,” என்று கறாருக்கு எழுதினாள். தன்னைக் குழுவிலிருந்து விலக்கிவிடுவார் என்றே நினைத்தாள்.

பதில் முதல் முறையாக மூன்று வரிக்கு வந்தது. “பட்டியலைத் திருத்துங்கள். காலிக் கணினியில் பாருங்கள். நானும் பார்க்காமல் சேர்த்தேன், என் மேலும் தப்பு.”

அன்று அண்ணனின் வேலையை அவளே வாசித்துச் சொன்னாள். பிறகு தன் மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, திருத்திய பொதியைப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். பேசியது. கடைசி நாள் மதியம் கறார் சேர்த்துவிட்டார்.

அண்ணன் கணினியில் அவளே நிறுவினாள். குரல் வந்ததும் அவர் முதலில் திறந்தது அந்த விவரப் பக்கத்தை. “பொறுப்பாளர்:” என்று வாசித்த குரல், அவளுடைய முழுப்பெயரைச் சொன்னது.

“இனிமே திட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்கு,” என்றார் அண்ணன்.

“நல்லாத் திட்டுங்க அண்ணா.”

அவர் திட்டவில்லை. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்க வைத்தார்.