பின்சக்கரத்தில் ஒரு மாற்றம்

சரவணம்பட்டிக் கல்லூரியில் கணிதம் நடத்தும் சண்முகப்பிரியா, மருதமலை ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கையில் கால் ஓய்ந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவள். இரண்டு வருடம் கழித்து அதே மவுண்டன் பைக்கில் அந்த ஏற்றத்தை மிதித்து ஏறினாள். இந்த முறை மூச்சே வாங்கவில்லை. சந்தேகப்பட்டு இறங்கிப் பார்த்தாள். சக்கரங்கள் பழையவைதான், பின்னால் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புதுப் பல்சக்கரம்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் கதிர்வேலைப் பிடித்தாள்.

“ஏனுங்க, கியரை மாத்திப்போட்டீங்களா?”

“மிதிக்க லேசா இருக்கட்டும்னுதான் அம்மணி.”

“என்னால முடியாதுன்னு நெனச்சுட்டீங்களாக்கும்?”

“மறுபடி விழுந்துருவியோன்னு பயந்துபோட்டேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய்யில்லை என்றுதான் தோன்றியது.

“சரி, இருக்கட்டும். இனி எதை மாத்துனாலும் சொல்லிப்போட்டு மாத்துங்க.”

மறுநாள் பிரேக், செயின், டயர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.